"என்ன வேலை செய்கிறாய்?"

1999ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலண்டோக் பக்கம் நடந்ததை நம்மிலே மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பன்றிக் கொட்டகைகள் நிறைந்த வட்டாரம் அது. காய்ச்சல், தலைவலி என்று படுத்தவர்கள் சில நாட்களிலே நினைவிழந்தார்கள். பலர் எழுந்திருக்கவே இல்லை. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். இராணுவத்தார் வந்து பன்றிகளைச் சுட்டுக் குழியிலே தள்ளினார்கள். இந்த நாட்டிலே நோயுற்றவர்கள் 265 பேர் என்றும், அவர்களிலே மாண்டவர்கள் 105 பேர் என்றும் கணக்கு. இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போன பன்றிகளை அறுத்த கசாப்புக்கூடத் தொழிலாளர்களிலே 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். கொல்லப்பட்ட பன்றிகள் 10 லட்சத்துக்கும் மேல்.

சுங்கை நிப்பா என்னும் கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து கிருமி பிரித்தெடுக்கப்பட்டதால் அந்த நோய்க்கு நிப்பா என்று பெயர். பெயர் வந்தது 1999இல்தான். நோயோ 1998 செப்டம்பர் வாக்கிலேயே ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்திலே தலைகாட்டிவிட்டது. இடைப்பட்ட அந்த மாதங்களிலே என்ன நடந்தது என்பதைத்தான் தொழிலாளர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அப்படி நினைப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் பன்றியிடம் பெருகுவதுதான். கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அந்தப் பக்கமே கை காட்டியது. ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள்; தடுப்பூசி போட்டார்கள். நோய் நின்றதா? நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே படுத்தவர்களோ வளர்ந்த ஆண்பிள்ளைகள். அதிலும் பன்றியைத் தொட்டு, பிடித்து, தூக்கி வேலை செய்தவர்கள். கொசுவுக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியுமா? கொட்டகைக்கு உள்ளே போகிறவனைக் கடித்துவிட்டு, அடுத்த வீட்டிலே பன்றியே தொடாமல் இருப்பவனை விட்டுவிடுமா? அதுமட்டுமன்று. மனிதர்கள் படுப்பதற்கு முன்பே பன்றிகள் இருமின. சாதாரண இருமல் அன்று அது. நாய் குரைப்பதைப் போல உரத்த சத்தம். ஒரு மைல் இருமல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலிலே பன்றி அப்படி இருமுவதில்லை.

எந்தப் பன்றி முதலில் இருமியது, எந்த வரிசையிலே தொடங்கி எந்த வரிசைக்குப் போயிற்று, அந்த வரிசையிலே வேலை செய்தவன் எத்தனை நாள் கழித்துப் படுத்தான் என்பதெல்லாம் தீனி வாளி தூக்கியவனுக்குத் தெரிந்த சங்கதிகள். டாக்டர்களைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. இது கொசு நோயாக இருக்கமுடியாது என்று நம் நாட்டு டாக்டர்களிலேயே சிலர் அப்போதே வாதாடியிருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா கா பிங் என்பவர்தான் கிருமியைப் பிரித்தெடுத்து, அதை அமெரிக்காவுக்கே கையோடு கொண்டுபோய், இதுவரை அறியாத புதிய வைரஸ் என்று உறுதிப்படுத்த வழி செய்தார். அதற்குப் பிறகே கொட்டகையிலே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு, பன்றிகளை நகர்த்தத் தடை, அழிப்பு எல்லாம் சரியான பாதைக்கு வந்தன. சில வாரங்களிலே நோய் அடங்கியது. வௌவாலிடமிருந்து இந்த வைரஸ் வந்தது என்பதும், கொட்டகையைச் சுற்றி நட்டிருந்த மா மரங்களிலே வௌவால் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றதே தொடக்கமாக இருக்கவேண்டும் என்பதும் பின்னால் ஆராய்ந்து கண்டவை.

இன்னொரு கேள்வி. பேராக்கிலே தொடங்கிய நோய் நெகிரி செம்பிலானுக்கு எப்படி வந்தது? வௌவால் கொண்டுவரவில்லை, லோரி கொண்டுவந்தது. ஈப்போப் பக்கம் பன்றிகள் நோயுற்றதும் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் தெற்கே கொண்டுபோனார்கள். விற்றவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நாமோ அப்படிச் சொல்லமாட்டோம். நோய் என்று சொன்னால் ஒரு காசும் கிடைக்காது, சொல்லாமல் விற்றால் பாதி விலையாவது கிடைக்கும் என்கிற நிலையிலே கடன் வாங்கிக் கொட்டகை கட்டியவன் வேறு என்ன செய்வான்?

இந்த இரண்டு கேள்விகளும், அதாவது யாரைக் கேட்பது, சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டும், நிப்பாவோடு பிறந்தவையல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி நாட்டிலே எழுந்தவை.

அங்கே பெர்னார்தினோ ரமாசினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி ஏன் இப்படி அவசர அவசரமாக வேலை செய்கிறான் என்று அவர் கேட்டார். இதற்குள்ளே நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். அவர் விசாரித்துப் பார்த்தார். அந்தத் தொழில் செய்தவர்களிலே பலர் கண் கெட்டு நகரத்திலே பிச்சை எடுப்பதைக் கண்டார். 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியன் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்?" என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று அதிலே சொன்னார். தொழிற்சங்கம் என்ற சொல்லே இல்லாத காலம் அது.

அதே ரமாசினிதான் 1711இல் பாதுவா நகரத்துப் பக்கம் மாடுகளை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோயைப் பற்றியும் பேசினார், எழுதினார். நம் முன்னோர் வெக்கை நோய் என்று அழைத்தார்களே, அதுதான். வெளிநாட்டிலிருந்து ஓட்டிவந்த மந்தையிலிருந்து வழி தவறிய ஒரே ஒரு மாட்டை ஒரு பண்ணைத் தொழுவத்திலே கட்டியதிலிருந்து தொடங்கியது என்பது அவர் கண்டது.

வெக்கை ரோமாபுரிக்கு வந்தபோது போப்பாண்டவரின் வைத்தியர் லான்சிசி என்பவர், நோயுற்ற மாட்டைக் கொல், சுண்ணாம்பு போட்டுப் புதை, பாதையை மறி, மீறினால் மரண தண்டனை என்று விதிகள் வகுத்தார். நோய் அடங்கியது, இல்லை என்று சொல்லமாட்டோம். 1714இல் அதே நோய் இங்கிலாந்துக்கு வந்தது. அரசரின் அறுவை வைத்தியர் தாமஸ் பேட்ஸ் என்பவரும் மாட்டைக் கொல்லத்தான் சொன்னார். ஆனால் கொல்லப்படும் மாடு ஒன்றுக்கு 40 ஷில்லிங் கொடுக்கவேண்டும் என்றார். மாட்டுக்காரர்கள் தாமே வந்து சொன்னால்தானே நோய் இருக்குமிடம் தெரியும்! சில மாதங்களிலே அங்கே நோய் ஒழிந்தது. தூக்குக் கயிற்றைக் காட்டியும் அடக்கலாம், காசைக் காட்டியும் அடக்கலாம் என்று இதைக் கேட்ட ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். இருக்கலாம். கயிற்றைக் காட்டுவதற்கு ஒவ்வொரு பாதையிலும் சிப்பாய் வேண்டும். காசு கொடுப்பதற்கு ஒரு கிராணியும் ஒரு நோட்டும் போதும்.

ஆப்பிரிக்காவிலே இரண்டும் இல்லாமல் போயிற்று. 1887 வாக்கில் எரித்ரியாவிலே இத்தாலியப் படைக்காக இறக்கிய மாடுகளோடு வெக்கை நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்று பலரும் எழுதுகிறார்கள். பத்தே ஆண்டுகளிலே கண்டத்தின் தென்கோடி வரை போய்விட்டது. போன இடங்களிலே பத்து மாட்டுக்கு எட்டு, ஒன்பது செத்தன. எத்தியோப்பியாவிலே உழ மாடில்லாமல் பஞ்சம் வந்து, ஜனங்களிலே மூன்றில் ஒரு பங்கு மாண்டிருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவிலே அரசாங்கம் கறுப்பு மக்களின் மாடுகளைச் சுட்டபோது, வெள்ளைக்காரனே நோயைக் கொண்டுவந்தான் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். மாடிருந்தவரை கூலிக்குப் போகாமல் வாழ்ந்தவர்கள் மாடு போனபிறகு சுரங்கத்துக்கும் வெள்ளையர் பண்ணைக்கும் போனார்கள். பஞ்சத்தால் கப்பலேறி இங்கே பால்மரக் காட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அந்த வெக்கை இன்றைக்கு உலகத்திலேயே இல்லை. 2001இல் கென்யாவிலே கண்டதே கடைசி. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் பெரியம்மையும் இதுவும் ஆக இரண்டே.

எப்படி ஒழிந்தது? ஊசியால் என்பார்கள். ஊசியின் கதை நீண்டது. இந்தியாவில் முக்தேசுவரத்திலே எட்வர்ட்ஸ் என்பவர் 1920களிலே வைரஸை ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் செலுத்தி வலுவிழக்கச் செய்தார். 1932இல் இராணிப்பேட்டையிலே வெக்கைக்கு மருந்து செய்யவென்றே ஒரு நிலையம் எழுந்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களிலே அநேகம் உண்டு, ஊர்ப் பெரியவர்கள் அறிந்திருக்கலாம். கென்யாவிலே வால்ட்டர் பிளோரைட் என்பவர் 1960 வாக்கில் செய்து முடித்த ஊசிதான் மலிவும் நிச்சயமும் ஆயிற்று. அதற்காக அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தது 1999இல். இங்கே நாம் பன்றிகளைக் குழியிலே தள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டு!

ஊசி இருந்தும் நாற்பது ஆண்டு வெக்கை ஒழியவில்லையே, ஏன்? பனிக்கட்டிப் பெட்டி போகாத இடங்களிலே, துப்பாக்கிச் சண்டை நடக்கும் இடங்களிலே, இலாகா டாக்டர் எட்டிப் பார்க்காத இடங்களிலே அது ஒளிந்திருந்தது. 1990களிலே வெயிலைத் தாங்கும் ஊசி வந்தபோது, அதைத் தென் சூடானிலும் உகாண்டாவிலும் எத்தியோப்பியாவிலும் மாடு மேய்ப்பவர்கள் கையிலேயே கொடுத்துப் போடப் பழக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் பலர் அதைத் திறம்படச் செய்தார்கள். எங்கே நோய் மிஞ்சியிருக்கிறது என்பதையும் மேய்ப்பவர்களிடமே உட்கார்ந்து கேட்டார்கள். நோய்க்கு அவர்கள் வைத்திருந்த பெயர்கள், எந்தப் பருவத்திலே வரும், எந்த மந்தையோடு வந்தது என்பவற்றையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். படிக்காதவன் சொன்னதைப் படித்தவன் எழுதிக்கொண்ட பிறகே அந்த நோயின் கடைசி மறைவிடங்கள் தெரியவந்தன.

இனி நம் லயத்துக்கு வருவோம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும், மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் தோட்டங்களிலே இன்னும் இருக்கின்றன. மாதச் சம்பளம் அரிசிக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் போய்விட்டால், மகளின் கல்யாணத்துக்கு மாடுதான். கோமாரி நமக்குப் பழைய விருந்தாளி. வாயிலும் குளம்பிலும் புண் வந்து மாடு இரை எடுக்காமல் நிற்கும். தீபகற்பத்திலே அது இன்னும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. சபாவும் சரவாக்கும் அது இல்லாத இடங்கள். புதிதாக வந்தது தோல் கட்டி நோய். 1929இல் இப்போது சாம்பியா என்கிற நாட்டிலே முதலில் கண்டது. நெடுங்காலம் ஆப்பிரிக்காவைவிட்டு அதிகம் வெளியே வராமல் இருந்து, 2019இல் வங்காளதேசத்திலும் இந்தியாவிலும், 2021இல் தாய்லாந்திலும் நம் நாட்டிலும் நுழைந்தது. காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும், பால் வற்றும். பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே சாகும், ஆனாலும் பிழைத்த மாடு இளைத்து விலை போகாது. மனிதருக்கு இது ஒட்டாது. இரத்தம் குடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் பக்கத்து மாட்டுக்குக் கொண்டுபோகும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது, மறுபடியும், லோரிதான். தடுப்பூசி உண்டு.

2021இல் நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே ஓர் அம்மாளின் இரண்டு மாடுகளுக்குக் கட்டி எழும்பியது. மாடுகளைத் தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்தவேண்டும் என்று அங்கே முன்பே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இளங்கன்றை மாடு கடித்துவிடுகிறது என்பது நிர்வாகத்தின் புகார். அதிலே கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்த அம்மாள் நம்மிடம் இப்படிச் சொன்னார்: "கிராணி ஐயா, ஆபீசுலே போய் மாட்டுக்கு நோயின்னு சொன்னா, மாடு வச்சிருக்கேன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். கட்டி வத்தினதும் வித்துடலாம்னு பார்க்கிறேன்." வற்றும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இரவோடு இரவாக வியாபாரியின் லோரி வந்தது. மாடுகள் பாதி விலைக்குப் போயின. எந்த ஊருக்குப் போயின என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

புக்கிட் பெலண்டோக்கிலே பார்த்த அதே கதையல்லவா இது? உருவம் மட்டும் சிறியது.

நம் பக்கத்துத் தவறுகளையும் மூடி மறைக்கவேண்டாம். கட்டியைக் கண்டதும் அம்மை இறங்கியிருக்கிறது என்று வேப்பிலை கட்டி, மஞ்சள் தெளித்து, வாய் திறக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வேப்பிலை கட்டட்டும், நாம் தடுக்கவில்லை. கட்டிவிட்டு டெலிபோனையும் எடுக்கவேண்டும். தானாகச் செத்த மாட்டைக் கூறு போட்டு விற்பது இன்னும் மோசம். இரவல் பெயரிலே மாடு வைத்துக்கொண்டு, ஊசிக்காரர் வரும்போது "எனக்கு மாடே இல்லை" என்பவர்களை என்ன சொல்வது?

ஆனால் பயத்தின் வேர் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்காமல், சொல் சொல் என்று தொழிலாளியை மட்டும் அதட்டிப் பயனில்லை. ஆகையால் சங்கம் நிர்வாகங்களோடு பேசவேண்டும் என்கிறோம். தோட்டத்திலே உள்ள மாடுகளுக்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டி யாரையும் வெளியேற்றுவதில்லை என்று நிர்வாகம் எழுத்திலே கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மாட்டுக் கணக்கல்ல, வெளியேற்றப் பட்டியல். கால்நடை இலாகாவின் ஊசி நாளன்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அரைநாள் சம்பளம் வெட்டக்கூடாது. காலையிலே மரம் வெட்டப் போனவன் பத்து மணிக்கு மாட்டையும் எப்படிப் பிடிப்பான்? அளவோடு மேய்ந்தால் மாடு புல்லைத் தின்று களைமருந்துச் செலவைக் குறைக்கும் என்பதும் நிர்வாகங்கள் அறியாததல்ல. எந்த நிரையிலே விடலாம், எந்த நிரையிலே கூடாது என்று உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியதே.

நஷ்டஈட்டைப் பற்றி ஒன்று. நோய் வந்தபிறகு பேரம் பேசுவது வீண். வருவதற்கு முன்பே விலை தெரிந்திருக்கவேண்டும். இங்கிலாந்திலே 1714இல் முடிந்தது இன்று முடியாதா? அதோடு, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது அந்தத் தலைக்குத் தீனி போட்டவனின் சம்பளம் பெரும்பாலும் அந்தக் கணக்கிலே ஏறுவதில்லை. கொட்டகை மூடினால் முதலாளிக்குப் பாதியாவது வரலாம்; வாளி தூக்கியவனுக்கு? இன்று கோழிப் பண்ணைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களிலே பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கையிலே பாஸ்போர்ட்டுகூட இல்லாத ஒருவன், "கோழிகள் சாகின்றன, எனக்கும் காய்ச்சல்" என்று யாரிடம் போய்ச் சொல்வான்? அவன் சொல்லாவிட்டால் அந்த வியாதி அவன் நாட்டுக்காரனை மட்டுமா தேடும்? அவர்களுக்காகவும் நாம் பேசியாகவேண்டும்.

பிறகு டாக்டர்கள். காய்ச்சலோடு வருகிறவனிடம் பெயர், வயது, முகவரி, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்கிறார்கள். என்ன வேலை, எந்தப் பிராணியைத் தொட்டாய் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும். பன்றியோடு வேலை செய்கிறேன், மாடு பிரசவிக்கக் கை கொடுத்தேன், செத்த கோழியை அள்ளினேன் என்று கேட்காமலே சொல்லுங்கள். நிப்பா மறுபடி இங்கே பன்றிகளிலே தலைகாட்டவில்லை என்பது மெய். ஆனால் வங்காளதேசத்திலே 2001 முதல் பல முறையும், கேரளத்திலே 2018 முதல் சில முறையும் பன்றி இல்லாமலேயே வந்து உயிர் குடித்திருக்கிறது. அந்த வௌவால்கள் நம் நாட்டுக் காடுகளிலும் இருக்கின்றன.

கிராணிமாருக்குத் தனியாக ஒரு சொல். நோட்டுப் போடுவதும் கணக்கு எழுதுவதும் நமது தொழில். துரைக்காக எழுதுகிறோம், வருமானவரிக்காக எழுதுகிறோம். லயத்திலே உள்ள மாட்டையும் எழுதலாம். நமது கிளையிலே இந்த மாதம் அப்படி ஒரு நோட்டுப் போட்டாயிற்று. அது சங்க அறையிலே இருக்கும், ஆபீசிலே இருக்காது. மூன்று லயத்திலே 31 மாடு, 12 கன்று, ஓர் எருமை. ஆற்றோர லயம் மட்டும் பாக்கி. அங்குள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரட்டுக் களத்துக்கு வந்தால் போதும். மாட்டை ஓட்டிக்கொண்டு வரவேண்டாம்.